குரோட்டன் வரிசையில் முளைத்தது

மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எட்டாம் மாதம், ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பிரசவம் வரை வார்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க விடுவது சாயங்காலம் மட்டும். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று வயது மகள் சிட்டுவை வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினான்.

மதிலோரக் குரோட்டன் வரிசையில் யாரும் வைக்காத ஒரு செடி வந்து, இப்போது தோள் உயரத்துக்கு நின்றது. விரித்த கை மாதிரி இலை, சிவப்போடிய தண்டு. பப்பாளிதான் என்று புருஷனும் பெண்டாட்டியும் எப்போதோ முடிவுகட்டியிருந்தார்கள். வேறு வேலை ஓடாததால் அதற்கு இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினான்.

அன்று காலை செடியின் உச்சியில் முள் முள்ளாக ஒரு குலை கண்ணில் பட்டது. பப்பாளிக்கு ஏது முள்? படம் எடுத்து மச்சினிக்கு அனுப்பினான். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், செடிப் பைத்தியம். உடனே போன் அடித்தது.

"மாமா, யார் சொன்னா இது பப்பாளின்னு? ஆமணக்கு மாமா! விதை விஷம். காய் வெடிச்சிருக்கா பாருங்க. சிட்டு எங்க?"

சிட்டு வாசற்படியில் கடை போட்டிருந்தாள். இலை மேல் பளபளவென்று, பழுப்புக் கோடு போட்ட விதைகள்.

"மருந்து வேணுமா சார்?" என்றாள்.

அவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "இதை வாயில போட்டியாடா கண்ணு? அப்பா திட்ட மாட்டேன்."

"பொம்மைக்குக் குடுத்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "நானும் ஒரு மாத்திரை போட்டுக்கிட்டேன், அம்மா மாதிரி."

ஒரு கிளையை ஒடித்து, பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடித்தான்.

மனைவி இருந்த அதே ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு டாக்டரம்மா கிளையைப் பார்த்ததும் தலையாட்டினார். "ஆமணக்குதான். மென்னாளா, முழுங்கினாளா?"

அவன் மகள் பக்கம் திரும்பினான். சிட்டுவே பதில் சொன்னாள்: "மாத்திரையைக் கடிக்கக் கூடாது!"

"நல்ல பொண்ணு. மெல்லாம இருந்தா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துடும். ஆனா நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

மச்சினி ஓடி வந்து குழந்தையிடம் உட்கார்ந்தாள். அவன் சிட்டுவின் வயிற்றையே பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தான். சாயங்காலம் மேல்மாடிக்குப் போனபோது மனைவி முதலில் பார்த்தது அவன் வெறுங்காலைத்தான்.

"சிட்டு எங்க?"

பொய் தயாராக இருந்தது, வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. நர்ஸைக் கூப்பிடலாமா என்று கதவைப் பார்த்தான்.

"தினம் அதுக்குத் தண்ணி வேற ஊத்தினீங்க," என்றாள்.

"நீயும்தானே பப்பாளின்னே."

"நான் தப்பாச் சொன்னா நீங்களும் நம்பிடுவீங்களா?" குரல் உடைந்தது. "இங்க ஏன் நிக்கிறீங்க? கீழ போங்க."

கீழே போனால், "அக்கா தனியா இருக்கா, மேல போங்க," என்றாள் மச்சினி. வேலைநேரத்தில் மாடி மாடியாய் ஏறி இறங்கிப் பழகியவனுக்கு அன்று படிக்கட்டு முடியவே இல்லை.

மறுநாள் மதியம் விதை முழுசாக வெளியே வந்தது. டாக்டரம்மா இன்னொரு தடவை வயிற்றை அமுக்கிப் பார்த்து, சிட்டுவை வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கையுறை மாட்டி, செடியை வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டினான். அப்புறம் மண்டி போட்டு, விதை ஏதும் உதிர்ந்து கிடக்குமோ என்று மண்ணைச் சலிக்க ஆரம்பித்தான். சிட்டு ஜன்னலுக்கு உள்ளே, மச்சினி மடியில். மச்சினி ஜன்னல் வழியே நீட்டிய போனில் மனைவி, "போதும், எழுந்து போய்ச் சாப்பிடுங்க," என்றாள்.

"இதோ," என்று சொல்லிவிட்டு அடுத்த குரோட்டனின் அடிமண்ணில் கை வைத்தான்.