குதிகால் தூக்கிய பிள்ளை

திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவே இருக்கிற அந்த ஊர்ப்பக்கம் மேகம் தப்பித் தவறி எட்டிப்பார்த்தால் நாய்கூடக் குரைக்காது. கோபித்துக்கொண்டு போய்விடுமோ என்று வாயைப் பொத்திக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒன்றாம் இரண்டாம் வகுப்பு இரண்டுக்கும் சேர்த்து ஒரே டீச்சர், சுபத்ரா.

ஒரு தொண்டு நிறுவனம் அவளிடம் நாற்பது படப் புத்தகங்களை ஒப்படைத்திருந்தது. ஒன்றிலும் எழுத்து கிடையாது. படத்தைப் பார்த்துப் பிள்ளைகளே கதை சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷமாக வருகைப் பதிவுக்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டிக் காலம் தள்ளிய யுவராணி, புத்தகம் வந்த மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடவே இல்லை. ஒரு எறும்புப் படத்துக்கு அவள் சொன்ன கதையில் மத்தியான மணி அடித்தது ஒருத்தர் காதிலும் விழவில்லை. அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் சுபத்ராவின் வேண்டுதல்.

ஆறு வாரம் கழித்து, நிறுவனத்திலிருந்து நவநீதகிருஷ்ணன் டேப்லெட்டும் கையுமாகப் பரீட்சை வைக்க வந்தார். அந்தப் புத்தகங்களில் ஒன்றை எடுத்து ஒரு படத்தை விரித்தார். கறுத்த மேகம், ஜன்னலோரம் நமக்கு முதுகு காட்டி ஒரு சிறுமி.

"இந்தப் பாப்பா மனசுல என்ன இருக்கு?"

"சந்தோசம்!" வகுப்பு கத்திய கத்தலில் கூரை ஓடு நாலு இடம் மாறியது.

"மேகம் எம்புட்டு கறுப்பா இருக்கு, பாருங்க."

"அதான் சார் சந்தோசம்!"

யுவராணி எழுந்துபோய்ப் படத்தில் விரலை வைத்தாள். "குதிகாலைத் தூக்கிக்கிட்டு நிக்குது சார். அழுகுற பிள்ளை இப்புடி எக்கி எக்கிப் பாக்குமா?"

நூறு தடவை அந்தப் பக்கத்தைப் புரட்டியவள் சுபத்ரா. குதிகாலை அன்றைக்குத்தான் பார்த்தாள். நவநீதகிருஷ்ணனும் குனிந்து பார்த்தார்.

"பிள்ளை சொல்றது நாயம்தான் டீச்சர். ஆனா இதுல 'சோகம்'னு இருக்கே. வேற எதைத் தொட்டாலும் தப்புங்குது."

இருபதுக்கு நாலு மார்க்.

"பதினஞ்சு நாள்ல திரும்ப வாரேன். பன்னெண்டு வாங்கலைன்னா புத்தகத்தை எல்லாம் மல்லாங்கிணறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாத்திருவாக. அங்க பதினெட்டு."

"எப்புடி சார் பதினெட்டு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மனப்பாடம்."

மறுநாளே ஆரம்பமானது. கறுப்பு சோகம், சிவப்பு கோபம், மஞ்சள் சந்தோசம். வாய்ப்பாட்டை விடக் கேவலமாக ராகம் போட்டார்கள். வேலிக் கருவேலமரத்துக் காக்கைகளுக்கே பாடமாகியிருக்கும். சத்துணவு சமைக்கிற சௌந்தரம் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"ஏன் டீச்சர், எங்க வீட்டுக்காரரு மஞ்சச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் தெனம் சண்டைக்கு வாராக. அவுகளுக்கு எத்தனை மார்க்கு போடுவீக?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சுபத்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் நாலு நாள் யுவராணி விடவில்லை. "டீச்சர், குதிகாலு..."

"குதிகாலைப் பாக்காத யுவராணி. கலரைப் பாரு." சொன்ன நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் மறுநாளும் சொன்னாள், அதற்கு மறுநாளும் சொன்னாள். புத்தகம் போய்விட்டால் இந்தப் பிள்ளை மறுபடி ஊமையாகிவிடுமே. பத்தாம் நாள் யுவராணி குதிகாலை விட்டுவிட்டாள்.

இரண்டாம் பரீட்சையில் இருபதுக்குப் பத்தொன்பது. மேகத்தைக் காட்டும் முன்னாலேயே யுவராணி "சோகம்" என்றாள். நவநீதகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் டேப்லெட்டைத் தொட்டார்.

"புத்தகம் இனி உங்களுக்குத்தான் டீச்சர்" என்றார். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவர் மாதிரி வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு சுபத்ரா யுவராணியை மட்டும் நிறுத்தி, இதுவரை பிரிக்காத ஒரு புத்தகத்தை விரித்தாள். பரீட்சையில் இல்லாதது. பக்கம் முழுக்க ஒரு சந்தை. ஆடு, குடை, பலூன், ஆயிரம் பேர்.

"பரீட்சை எல்லாம் முடிஞ்சிருச்சு தாயி. இப்ப சொல்லு, என்ன தெரியுது?"

யுவராணி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. சுபத்ராவின் புருவத்தையும் உதட்டையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லணும் டீச்சர்?"

சுபத்ரா புத்தகத்தை உயரத் தூக்கித் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள். "படத்தைப் பாரு, தாயி."

யுவராணி பக்கவாட்டில் சாய்ந்து, புத்தகத்தின் ஓரமாக டீச்சரின் முகத்தைத் தேடினாள்.