ரங்கூனில் திரெவைனிஸ் என்ற பெயர் எழுதப்பட்ட வரலாறு

பசுந்தாங் ஓடைக்கரையில் அந்நாளில் இருந்த ஒரு பதிவு ஆபீஸின் 1924ஆம் வருஷத்துப் பிறப்பு ரிஜிஸ்தரில், நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பதினேழாவது பதிவைப் படிக்க வேண்டுமானால், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் தேனீக்கள் எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டும். காலை பத்து மணிக்குமேல் பூவுக்குப் போய்விடும். மாலை நான்குக்குத் திரும்பிவிடும். ஆபீஸ் நேரத்துக்கு அது பொருந்தியே வந்ததால் இதுவரை யாரும் புகார் செய்ததில்லை. அந்த வருஷம் நெல் நூறு கூடை நூற்றெண்பது ரூபாய்க்குப் போயிற்று. மழை பத்து நாள் முந்திப் பிடித்தது. ரங்கூனில் திரெவைனிஸ் என்ற குடும்பப் பெயர் முதல்முறையாக எழுதப்பட்டதும் அந்த வருஷத்தில்தான்.

அந்தப் பெயரைக் கொண்டுவந்தவன் கசிஸ், கப்பல் உலைக்குக் கரி தள்ளும் நெருப்புக்காரன். லித்துவேனியா என்ற குளிர் நாட்டுக்காரன். 1921ஆம் வருஷம் புரட்டாசியில், காய்ச்சலோடு இருந்த அவனைக் கப்பல்காரர்கள் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். காய்ச்சல் ஒரு சாக்குத்தான். அவன் பெயரை எழுதிய காகிதத்தில் எல்லாம் தேனீக்கள் வந்து உட்காரும். நடுக்கடலில், கரை தெரியாத இடத்தில்கூட வந்து உட்கார்ந்தன. கப்பல் தலைவனுக்கு அது பிடிக்கவில்லை. கசிஸின் பெயரை மையால் அழித்துவிட்டு ஜான் என்று எழுதிக்கொண்டான்; பிறகு அந்த ஜானையும் அழித்துவிட்டான். துறைமுகக் குமாஸ்தா சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் பார்த்து, அப்படி ஒரு நாடே கிடையாது என்றார். படம் சண்டைக்கு முந்தியது. நாடு பிறந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. படத்தை மாற்றுவதைவிட மனிதனை இல்லை என்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

பசுந்தாங்கின் அரிசி மில் ஒன்றில் கசிஸுக்குப் பாய்லருக்கு உமி தள்ளும் வேலை கிடைத்தது. வெள்ளைக்கார மானேஜர் அவன் பெயரை வேலையாட்கள் ஏட்டில் எழுதிய அன்று, முந்நூறு தேனீக்கள் ஜன்னல் வழியாக வந்து ஏட்டை மூடின. ஒருவரையும் கொட்டவில்லை. மானேஜர் அந்தத் தாளைக் கிழித்து எறிந்தார். அதற்குப்பின் அவன் ஏட்டில் இல்லாமலே வேலை செய்தான், மூன்று வருஷம். மில் லயனில் இருந்த தமிழர்கள் அவனைத் தேனீ துரை என்று அழைத்தார்கள். அவன் அதற்குச் சிரிப்பான். கிழித்துப்போட்ட தாளைச் சுற்றி வந்த தேனீக்களை ஒரு காலித் தேயிலைப் பெட்டியில் குடிவைத்து, லயன் கோடியில் தன் அறை வாசலில் வைத்துக்கொண்டான்.

காய்ச்சலில் கிடந்த முதல் மாதம் அவனுக்குக் கஞ்சி கொடுத்தவள் ரத்தினம்மாள். மில் முற்றத்தில் நெல் புடைக்கிறவள். புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு இருபத்திரண்டு வயதில் தனியாக இருந்தாள். யாரென்று கேட்காமல் கொடுத்தாள். ஒரு தகரக் குவளைக் கஞ்சி, ஒரு உப்புக் கல், அவ்வளவுதான். பெட்டியில் தேனீ பெருகியதும் கசிஸ் அதில் பாதியைப் பிரித்து இன்னொரு பெட்டியில் போட்டு அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தான்.

“எதுக்கு துரை எனக்கு இது? வெலை என்ன?” என்று அவள் கேட்டாள்.

“தேனீ விக்கக் கூடாது. குத்தம்,” என்றான் அவன், லயனில் கற்ற தமிழில். “எங்க ஊர்ல தேனீ சும்மாத்தான் குடுப்பாங்க. வாங்கினவங்க சொந்தம். அப்புறம் பொய் சொல்லக் கூடாது, கைவிடக் கூடாது.”

“அப்போ நான் இனிமே ஒனக்குச் சொந்தமா?”

“நீ கஞ்சி குடுத்தப்பவே.”

1923ஆம் வருஷம் தை மாதம், மில் சுவரோரத்து மாரியம்மன் முன்னால் அவன் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினான். லயனே வந்து சாப்பிட்டது. தேன் ஊற்றிய பாயசத்தை மேஸ்திரி செல்லக்கண்ணு இரண்டு முறை கேட்டு வாங்கி, இலையை விரலால் வழித்து நக்கியதை நாற்பது பேர் பார்த்தார்கள். இதைக் குறித்துவைப்பது அவசியம். பிறகு அவர் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னார்.

1924ஆம் வருஷம் ஆடியில் பாய்லர் குழாய் வெடித்தது. அதில் விரிசல் இருப்பது சித்திரையிலேயே மானேஜருக்குத் தெரியும். சணலைத் திணித்து ஓட்டச் சொல்லியிருந்தார். கசிஸ் அந்த இடத்திலேயே இறந்தான். ரத்தினம்மாள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஏட்டில் பெயர் இல்லாததால் மில்லில் விபத்து எதுவும் நடக்கவில்லை என்று மானேஜர் மேலிடத்துக்கு எழுதினார். அந்தச் செய்தியை மேஸ்திரி லயனுக்குக் கொண்டுவந்து, “பேரே இல்லாத ஆளுக்கு எப்படி எழவு போடுறது?” என்று கேட்டுச் சிரித்தார். கூட நின்ற சிலரும் சிரித்தார்கள். நாற்பது பேரில் ஒருவர்கூட, வாயை மூடுங்கள் மேஸ்திரி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? ஒரு நாள் வேலை போயிருக்கும். கடவுள் ஒரு மனிதனிடம் கேட்கிற விலை பெரும்பாலும் ஒரு நாள் வேலைக்கு மேல் இருப்பதில்லை. அதைக்கூடக் கொடுக்கிறவர்கள் இல்லை.

கிறிஸ்தவர் கல்லறையில் சர்ச்சுச் சீட்டு கேட்டார்கள். இந்துக்கள் சுடுகாட்டில் ஜாதி கேட்டார்கள். தாமுவேயில் ஒரு மடத்துப் பொங்கி, வயதான புத்த பிட்சு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: மழைக்கு முன்னால் முடித்துவிடலாமா என்று. தன் மடத்துப் பின்புறம் பிடௌ மரத்தடியில் இடம் காட்டி, மண்வெட்டியையும் அவரே எடுத்துக்கொடுத்தார். அடக்கம் முடிந்து வந்து ரத்தினம்மாள் இரண்டு பெட்டிகளையும் மூன்று மூன்று தரம் தட்டி, “துரை போயிட்டாரு. நீங்க இருங்க,” என்று சொன்னாள். வீட்டுக்காரன் செத்தால் தேனீக்களிடம் சொல்ல வேண்டும் என்பது அவன் ஊர் வழக்கம். சொல்லாவிட்டால் பறந்துபோய்விடுமாம். அவை போகவில்லை.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. அம்சவேணி என்று பெயர் வைத்தாள். லயன்களில் பிறக்கும் குழந்தைக்கு அந்த லயன் மேஸ்திரி ஆபீஸுக்கு வந்து தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். செல்லக்கண்ணு வந்தார். மானேஜர் முந்தின நாளே அவரைக் கூப்பிட்டு, வெள்ளைக்காரன் பெயர் ஒரு கூலிக்காரியின் பிள்ளைக்கு வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, “யாருன்னு எனக்கு என்னங்க தெரியும்? அது பல பேரு வந்துபோற லயனு,” என்றார். ரத்தினம்மாள் குழந்தையோடு அங்கேயே நின்றிருந்தாள். குமாஸ்தா பொன்னுத்துரை, நெற்றியில் திருநீறு குறையாத மனிதர், தகப்பன் என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினார். ஒரு சொல் எழுதியதில் தாய்க்கு ஒரு பட்டம் ஆயிற்று. குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் கல்யாணமும் மூடிற்று. எழுதி முடிக்க அவருக்கு ஒரு நிமிஷமும் ஆகவில்லை. மை உலர ஊதிக்கூட விட்டார்.

லயனில் அரிசி பருப்புக் கடை வைத்திருந்த மதீனா பீவிக்கு இது எட்டியது. அடுத்த நாளே கடையைப் பூட்டிவிட்டு ஆபீஸ் படியேறினாள்.

“ரைட்டரய்யா, அந்தப் புள்ளக்கி வாப்பா உண்டு. நான் அந்தக் கல்யாணத்துல தின்னவ. எழுதுங்க.”

“மேஸ்திரி சொல்லணும் பீவி. சட்டம்.”

“அந்த மேஸ்திரியும் எம் பக்கத்துல குந்தித்தான் தின்னான். மூணாவது வாட்டியும் கேட்டிருப்பான், சட்டி காலி. சட்டியக் கொண்டாந்து சாட்சி வெக்கவா?”

“சட்டிக்கெல்லாம் ரிஜிஸ்தர்ல கட்டம் இல்ல.”

“ஒங்களுக்கு நெத்தியில இருக்குறது சாம்பல்தானே, சுண்ணாம்பு இல்லையே?” என்று கேட்டுவிட்டு அவள் இறங்கிப் போனாள். அன்றிலிருந்து தினம் ஒரு கட்டி பனைவெல்லத்தை ரத்தினம்மாள் வீட்டுத் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தாள். மழைக்காலத்தில் தேனீக்களுக்குப் பூ கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவளால் முடிந்தது அதுதான்.

மூன்றாம் நாள் தேனீக்கள் ஆபீஸுக்கு வந்தன. அந்தப் பெயர் அங்கே எழுதப்படவில்லை. ஆனாலும் அது இருக்க வேண்டிய இடம் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. பதினேழாவது பதிவின் மேல், தகப்பன் கட்டத்தின் அளவுக்குச் சரியாக, மெழுகு கட்டின. ரிஜிஸ்தரை மூட முடியவில்லை. புகை போட்டார்கள், கத்தியால் சுரண்டினார்கள், மண்ணெண்ணெய் தடவினார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் கூடு பழையபடி இருக்கும். பக்கத்தைப் புதிய புத்தகத்தில் பார்த்து எழுதினார்கள். புதிய புத்தகத்திலும் அதே இடத்தில் கட்டின. ஆறு வாரம் இப்படிப் போயிற்று. அந்த ஆறு வாரத்தில் பசுந்தாங்கில் பிறந்த குழந்தைகள் எல்லாம் திறந்து கிடந்த புத்தகத்தில், கூட்டின் ஓரமாக எழுதப்பட்டார்கள். அவர்களுக்குத் தித்திப்பு பிடிக்காமல் போனது தவிர வேறு கெடுதல் இல்லை.

மார்கழிப் பிறப்பன்று ரத்தினம்மாள் இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னுத்துரையின் வீட்டுக்குப் போனாள். புருஷன் சொன்னது ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. பெட்டியை முற்றத்தில் இறக்கிவைத்து, “அய்யா, இது ஒங்களுக்கு,” என்றாள். பொன்னுத்துரைக்கு இது பழக்கம். தேங்காய், சேவல், வாழைத்தார் என்று பலரும் கொண்டுவந்து வைப்பார்கள், அவர் வாங்கிக்கொள்வார், காரியம் நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும். இதையும் அப்படித்தான் நினைத்தார். “சரி சரி, அந்த மூலையில வை. பாக்கலாம்,” என்றார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். லஞ்சம் வாங்கியதாக நினைத்தவர் சொந்தத்தை வாங்கியிருந்தார். அது அவருக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை கிணற்றடியில் முதல் வாளி நீரைத் தலையில் ஊற்றியபோது அவருக்குப் பனி நினைவுக்கு வந்தது. அவர் பனியைக் கண்டவரே அல்ல. இரண்டாவது வாளியில், கசிஸின் தாய் ரொட்டிமாவைப் பிசையும்போது இடது கையால் தலைமுடியை ஒதுக்குவது நினைவுக்கு வந்தது. நேற்று இறந்தவளைப்போல அவளுக்காக அழுதார். ஈரவேட்டியோடு ஆபீஸுக்கு ஓடினார். கூடு காலியாக இருந்தது. மெழுகைத் தொட்டதும் தானே பெயர்ந்து வந்தது. அடியில் ‘தெரியவில்லை’ என்ற சொல் இல்லை. மையை அவை நக்கியிருந்தன. வெறும் தாள்.

பொன்னுத்துரை எழுத உட்கார்ந்தார். கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினார், அடியில் எழுதினார், பக்கத்தைத் திருப்பி எழுதினார். அவர் எழுதியதன் சுருக்கம் இது. கொள்ளைநோய் வந்த ஒரு வருஷம், லித்துவேனியக் காட்டோரக் கிராமம் ஒன்றுக்கு ஊர் தெரியாத ஒருவன் வந்தான். எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். அவன் ஒரு பழைய ஓக் மரத்தின் பொந்தில் போய் ஒடுங்கினான். அதில் இருந்த காட்டுத் தேனீக்கள் நகர்ந்து இடம் கொடுத்தன. குளிர்காலம் முழுவதும் அவனைச் சுற்றி உட்கார்ந்து சூடு கொடுத்தன. வசந்தத்தில் வெளியே வந்தவன், தன்னை உள்ளே விடாத வீடுகளின் கதவுகளில் எல்லாம் ஒவ்வொரு தேனடையை மாட்டிவிட்டுப் போனான். ஊர் வெட்கப்பட்டது. அவனைத் தேடிக் கூட்டிவந்து, மரப்பொந்தின் பெயரையே, திரெவைனிஸ் என்று, அவனுக்கு வைத்தது. அவனிடம் தேனீ வாங்கிய நாற்பது வீடுகளும் சொந்தமாகி, அதே பெயரை வைத்துக்கொண்டன. பிறகு ருஷ்யப் பேரரசரின் குமாஸ்தாக்கள் வந்தார்கள். காகிதத்தில் தேனீ உட்காருவது அவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. வேறு பெயர் சொன்னால் சீக்கிரம் எழுதித் தருகிறோம் என்றார்கள். முப்பத்தொன்பது வீடுகள் வேறு பெயர் சொல்லின. ஒரு வீடு சொல்லவில்லை. அந்த வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது கசிஸின் அக்கா ஒருத்தி, ஆள் துணை இல்லாதவள். “ஆகையால் இப்பெயர் உலகில் மிக அரிது,” என்று முடித்து, “அரிதானதற்குக் காரணம் என்னைப் போன்றவர்கள்,” என்று ஒரு வரி சேர்த்து, கீழே கையொப்பம் இட்டார் பொன்னுத்துரை. மை உலர்வதற்குள் தேனீக்கள் வந்து உட்கார்ந்தன. இந்த முறை அவர் ஊதவில்லை.

மேஸ்திரி செல்லக்கண்ணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, அடுத்த வருஷம் மிங்கலா தாங்ஞுன்டில் சொந்த வீடு கட்டினார். மானேஜர் வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசாகப் பெற்றுக் கப்பலேறினார். தண்டனை இங்கேயே கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாற வேண்டியிருக்கிறது. ஆனால் தேனீ அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் ரத்தினம்மாள் ஒரு கூட்டம் பிரித்துக் கொடுத்தாள். லயனில் வெட்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் கேட்கவில்லை.

அக்காவுக்குப் பொன்னுத்துரை கடிதம் எழுதினார். அவள் மொழியில்தான் எழுதினார். சொந்தமாகிவிட்டவருக்கு அது தானாக வந்தது. ஒன்பது மாதம் கழித்துப் பதில் வந்தது, தபால்காரர் உறையைக் காம்பில் பூவைப் பிடிப்பதுபோல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார், தேனீ இருந்ததால். அக்கா எழுதியிருந்தாள்: பெயர் என்னோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். இந்த வருஷத் தேனில் எங்கள் காட்டில் இல்லாத ஒரு பூவின் வாசனை வந்தது. மஞ்சள் பூவாக இருக்க வேண்டும், மழையோடு பூப்பது. குழந்தை யார் சாயல்?

மடத்துப் பிடௌ மரம் மஞ்சளாகத்தான் பூக்கும்.

1929ஆம் வருஷம் ஆனியில் அம்சவேணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். மதீனா பீவி ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பொன்னுத்துரை தன் கையால் எழுதிய பிறப்புச் சீட்டை வாத்தியாரம்மா தைலம்மாள் வாங்கிப் பார்த்தாள். மேலே ஏழெட்டுத் தேனீக்கள் இருந்தன. “இதுங்களும் படிக்க வருதா?” என்று கேட்டாள். “ஆமாம்மா, கூடவே வரும். கொட்டாதுங்க,” என்றாள் ரத்தினம்மாள். “அப்ப ஜன்னலோரம் உக்காரட்டும்,” என்று சொல்லி, வாத்தியாரம்மா வருகைப் புத்தகத்தில் முழுப் பெயரையும் ஓர் எழுத்து குறையாமல் எழுதினாள்.

மறுநாள் காலை பெயர் வாசித்தபோது புத்தகத்தின் மேல் தேனீக்கள் இருந்தன. அவை எழுந்திருக்கும்வரை தைலம்மாள் பொறுத்திருந்தாள். பிறகு, “அம்சவேணி திரெவைனிஸ்,” என்றாள்.

“உள்ளேன் அம்மா.”

வாத்தியாரம்மா அடுத்த பெயரை வாசித்தாள்.