பதினோரு நாற்று

நான்தான் செய்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்து ஃபயீனாவின் பதினோரு தக்காளி நாற்றையும் கொன்றது நான்தான், அதுவும் கையால் தொடாமலே.

முதலில் அவள் செய்ததைக் கேளுங்கள். அவள் புருஷன் க்ளெப் பன்னிரண்டு வருஷம் விதை பொறுக்கிப் பொறுக்கி ஒரு தக்காளியை உண்டாக்கியிருந்தான். எங்கள் யூரல் மலைக் குளிரில் நாங்களெல்லாம் காயாகப் பறித்துக் கட்டிலுக்கடியில் போட்டுப் பழுக்க வைப்போம். அவன் தக்காளியோ ஜூலை முடிவதற்குள் செடியிலேயே கருஞ்சிவப்பாகப் பழுத்துவிடும். நாலு வருஷம் விதை கேட்டேன். க்ளெப் செத்த பிறகும் வெட்கம் கெட்டுப்போய்க் கேட்டேன். கடைசியில் ஒரு இலையுதிர்காலத்தில் தோட்டச் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "உனக்கா ரிம்மா? உன் கைக்கு முள்ளங்கிதான்டி வரும்." எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் பெயரோடு சொல்வேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் விதைப் பெட்டியை எலி தின்றது. மிஞ்சியதையெல்லாம் மார்ச்சில் ஜன்னலோரம் போட்டாள். முளைத்தது பதினொன்று. க்ளெபின் தக்காளி என்று உலகத்தில் இருந்தது அவ்வளவுதான். நகரத்து வீட்டிலிருந்து தோட்டத்துக்கு ரயிலில் வரும்போது என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எப்போது நடுவது என்பது க்ளெபின் பொறுப்பாக இருந்தது. அவன் போனபின் அவள் வேலிக்கு மேலே எட்டி என் பாத்தியைப் பார்த்துத்தான் நடுவாள். முப்பது வருஷத்தில் எனக்கு ஒரு நாற்றுகூடக் குளிரில் போனதில்லை.

மே மாதம் இரண்டாவது வாரம் வெயில் சுள்ளென்று அடித்தது. செர்யோமுகா மரம் இன்னும் மொட்டாகவே இருந்தது. அது வெள்ளையாகப் பூக்கிற வாரம் குளிர் ஒருமுறை திரும்பி வந்து அடிக்கும். அது போன பிறகுதான் தக்காளியை வெளியே விடலாம். எங்கள் ஊரில் இது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

நான் என்ன செய்தேன்? குப்பைக்குப் போகவேண்டிய நோஞ்சான் நாற்றாக இருபது எடுத்துவந்து, வேலியோரம், அவள் கண்ணில் படும்படி நட்டேன். வாயில் பாட்டு வேறு. நல்ல நாற்று அறுபதும் தோட்டத்து வீட்டுக்குள் ஜன்னலோரம் திரைக்குப் பின்னால் இருந்தன.

"என்ன ரிம்மா, இப்பவேவா? மரம் பூக்கலயே?" என்று வேலிக்கு வந்தாள் ஃபயீனா.

"நம்ம மரம் நிழல்ல நிக்குது, எப்பவும் சோம்பேறி. ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாரு, பூத்துக் கொட்டியே போச்சு. போன வாரம் ரெண்டு நாள் நடுங்கினோமே, அதுதான் அந்தக் குளிர்."

"இந்தத் தடவை மருமகன் கார்ல வந்தேன். ஸ்டேஷனைப் பாக்கல."

"நான் பாத்தேன்ல?"

"மேல துணி போட்டு மூடட்டுமா?"

"இந்த வெயில்லயா? அவிஞ்சு போகும்."

நகத்தைக் கடித்தாள். "ஏன்டி, நாலை மட்டும் உள்ளயே வச்சுக்கட்டுமா? எதுக்கும் இருக்கட்டுமே."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஏழு போயிருந்தாலே என் ஆத்திரம் அடங்கியிருக்கும்.

"வச்சுக்கோயேன், எனக்கென்ன? இப்பவே கொக்குக் கழுத்தா நீண்டு கிடக்கு. இன்னும் பத்து நாள் ஜன்னல்ல நின்னா ஒடிஞ்சு விழும். க்ளெப் இருந்தா உன்னைத் திட்டியே தீர்த்திருப்பான்."

க்ளெப் பெயரைச் சொன்னதும் நாற்றுத் தட்டைத் தூக்கிவந்தாள். பதினொன்றையும் நட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி ஊன்றி, பழைய துணியைக் கிழித்துக் கட்டினாள்.

மரம் பூக்கக்கூடக் குளிர் காத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. ஃபயீனா பாத்தியில் மண்டியிட்டிருந்தாள். பதினொன்றும் வெந்த கீரையாகக் கறுத்துத் தொங்கின. ஒவ்வொரு தண்டாக உள்ளங்கையில் பொத்தி வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு தலையைத் தூக்கினாள். என் பாத்தியைப் பார்த்தாள்.

"ஐயோ, உன்னுதும் போச்சே! இருபதும் போச்சே! இந்த வருஷம் என்னடி பண்ணப் போற?"

வேலியைச் சுற்றி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கை பனிக்கட்டியாக இருந்தது. "முப்பது வருஷம் தப்பாத உனக்கே தப்பிடுச்சேடி. மனசை விடாதே. உள்ள வா, நான் டீ போடறேன்."

"வேண்டாம் ஃபயீனா. வீடு குப்பையா கிடக்கு."

"கிடக்கட்டும் போ," என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இருட்டாக இருக்கிறதே என்று திரையை இழுத்தாள்.

அறுபதும் நின்றன. தண்டு ஒவ்வொன்றும் விரல் தடிமன்.

ஒரு தண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்டேஷன் பக்கம் பூக்கலயா?" என்று கேட்டாள்.

"இல்லை."

தலையை ஆட்டிக்கொண்டாள். என்னை உரசாமல் ஒதுங்கி வெளியே போனாள். கதவு திறந்தே கிடந்தது. படியிறங்கியவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கதவைச் சாத்துடி," என்றாள். "நாத்துக்குக் குளிர் அடிக்குது."

சாத்தினேன். அந்த வருஷம் அறுபதும் காய்த்தன.