அறுபத்துநாலு துண்டு கேக்

பேக்கரி மாஸ்டரிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர் யாரும் கிடையாது. அதிலும் கணக்குப் புதிர் என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு ஈவு இரக்கமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தியதும் மச்சினன் வருவான். எலக்ட்ரீஷியன் அவன். வாரம் முழுக்க ஏணிமேல் நின்று யோசித்த புதிரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான். மாவு தூவிய மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்தால் அவ்வளவுதான், கடை இரண்டுபடும்.

மாஸ்டர் விடையைச் சொல்வதோடு விட மாட்டார். கேள்வியிலேயே எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, அதற்குள் விரலை விட்டு ஆட்டுவார். "உங்களுக்குப் பொண்ணு குடுத்ததே தப்பு மாமா" என்று மச்சினன் தலையில் அடித்துக்கொள்வான். "குடுத்தது உங்கப்பா மாப்ளே. போய் அவரைக் கேளு" என்பார் இவர். க்ரீம் அடித்துக்கொண்டிருக்கும் அவள், அதாவது இவருக்கு மனைவி, அவனுக்கு அக்கா, "ரெண்டு பேரும் கிளம்புங்க, மேசையைத் துடைக்கணும்" என்று துணியோடு வந்து நிற்பாள்.

அப்பேர்ப்பட்ட வாய் இப்போது மூடிக் கிடந்தது.

ஒரு நாள் காலை அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போதே அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றியது, அதில் குறை சொல்ல முடியாது. பல நாள் கழித்துக் கண்ணைத் திறந்தார். ஊட்டினால் விழுங்கினார். வலது கை அசையவில்லை, இடது கை கொஞ்சம் அசைந்தது. பேச்சு மட்டும் இல்லை. பேச்சுதான் இல்லையா, உள்ளே ஆளே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் பயிற்சிப் பிரிவு இருந்தது. அங்கே போனவர்கள் மெல்ல மெல்லப் பேசி, நடந்து, வீடு திரும்பினார்கள். ஆனால் கட்டில்கள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் அதிகம். கேட்ட கேள்விக்குப் பொருத்தமாக ஒரு பதில் வரவேண்டும், ஒரே ஒரு பதில் போதும், அப்போதுதான் மேலே இடம். வராவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லம். நல்ல இடம்தான். சுத்தமாக வைத்துக்கொள்வார்கள், நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். ஆனால் அங்கிருந்து யாரும் வீட்டுக்குத் திரும்பி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய வேண்டியவர் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள். இரண்டு முறை வந்து பார்த்தார். உங்கள் பேர் என்ன, இது யார், இன்று என்ன கிழமை என்று பொறுமையாகக் கேட்டார். மாஸ்டர் அறைக் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தம் இல்லை. "இன்னொரு தடவை வர்றேம்மா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்று அந்த அம்மாள் சொன்னபோது அவர் கண்ணிலும் வருத்தம் இருந்தது. அதற்காகவே அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

சொந்தக்காரர்கள் மீதுதான் கோபம் கோபமாக வந்தது. வருவார்கள், கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். "எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தார்" என்பார்கள். இருந்தாராம்! கண்ணெதிரே மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறார், இருந்தார் என்கிறார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவள் தம்பி ஒருவன்தான் அப்படிப் பேசாதவன். தினமும் வேலை முடிந்ததும் கையில் ஒயர் வெட்டிய கறுப்போடு வருவான். நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போடுவான். "மாமா, இன்னிக்குக் கேள்வி" என்று ஆரம்பிப்பான். கேட்டுவிட்டுக் காத்திருப்பான், ஞாயிற்றுக்கிழமை மேசையில் காத்திருப்பது போலவே. கொஞ்ச நேரம் ஆனதும் விடையை அவனே சொல்லி, "இன்னிக்கும் நான்தான் ஜெயிச்சேன். உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று சீண்டுவான். நர்ஸுகள் பார்த்துச் சிரித்தார்கள். அவன் கண்டுகொள்ளவே இல்லை.

மூன்றாவது முறை அந்த அம்மாள் வந்த அன்று, அவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். நடையிலேயே அக்காவை மடக்கினான்.

"அக்கா, நல்ல கேள்வி ஒண்ணு வச்சிருக்கேன். ஒரு மரக்கட்டைக்குச் சுத்திலும் செவப்பு பெயிண்ட் அடிச்சு வெட்டுற கணக்கு. மாமாவுக்கு எதுக்கு மரக்கட்டை? கேக்கா மாத்திட்டேன். பெயிண்டுக்குப் பதிலா க்ரீம். கேக்குன்னா காதுல ஏறும் பாரு."

"விடை என்னடா?"

"எட்டு. எட்டுன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா போதும்."

அவள் எட்டு, எட்டு என்று மனசுக்குள் ஜபித்துக்கொண்டே கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள்.

அந்த அம்மாள் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பேர், கிழமை, இது யார். ஒன்றுக்கும் அசைவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அவர் எழுந்திருக்கப் போகும்போது தம்பி குறுக்கே வந்தான்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி நான் கேக்கலாமா? கணக்குப் புதிர். அவருக்கு அதுன்னா உயிர்."

வேறு யாராவது இருந்தால் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த அம்மாள் திரும்ப உட்கார்ந்தார். "கேளுங்க. எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். என்கிட்ட மட்டும் விடை கேக்காதீங்க" என்றார்.

தம்பி தொண்டையைச் செருமினான்.

"மாமா, நீளம் அகலம் உயரம் மூணும் சமமா, கனசதுரமா ஒரு கேக். அதைச் சின்னச் சின்ன கனசதுரமா, எல்லாம் ஒரே அளவுல வெட்டியாச்சு. அந்தத் துண்டுகளை மேசையில ஒரே அடுக்காப் பரப்புனா, ஒண்ணு மிஞ்சாம, ஒண்ணு குறையாம ஒரு முழுச் சதுரம் வருது. வெட்டாம முழுக் கேக்கும் ஒரே துண்டுன்னு சொல்லித் தப்பிக்கக் கூடாது. குறைஞ்சது எத்தனை துண்டு?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.

"அறுபத்துநாலு" என்று அவனே சொன்னான். "நாலு வரிசை, வரிசைக்கு நாலு, அதே மாதிரி நாலு அடுக்கு. பரப்புனா எட்டுக்கு எட்டு. இது சின்னப்புள்ளைக் கணக்கு, இதுக்கெல்லாம் நீங்க வாயைத் திறக்க மாட்டீங்கன்னு தெரியும். இப்பதான் நெஜக் கேள்வி. வெட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கேக்குக்கு அக்கா க்ரீம் பூசிட்டா. நல்லா வழுவழுன்னு பூசிட்டா. அப்புறம் நீங்க வெட்டுறீங்க. அந்த அறுபத்துநாலுல, க்ரீமே படாத துண்டு எத்தனை மாமா?"

மாஸ்டரின் கண் கூரையை விட்டு இறங்கியது. மெல்ல இறங்கி மச்சினன் முகத்தில் வந்து நின்றது. உதடு கோணியது, ஒட்டியது, பிரிந்தது.

"ப... பன்னெண்டு."

குரல் கரகரவென்று, ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி இருந்தது. ஆனால் அவர் குரல்தான். ஒரு நொடி அவள் பூமியிலேயே இல்லை. அடுத்த நொடி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அது சுருங்கிப் போயிருந்தது. பன்னெண்டா? எட்டு அல்லவா?

"சரியா?" என்று அந்த அம்மாள் ஆவலாகக் கேட்டார்.

சரி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாளுக்குத்தான் கணக்கு வராதே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? தம்பி வாயைக்கூடத் திறந்தான். ஆனால் மாஸ்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு தப்பு விடையைச் சரி என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"இல்ல மேடம். எட்டு" என்றான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அந்த அம்மாள் அவன் தோளைத் தொட்டார். "பேசினாரே, அதுவே பெரிசு. ஆனா வாய்க்கு வந்த ஒரு எண்ணா, யோசிச்சு வந்த பதிலான்னு..." என்று இழுத்தார்.

"பன்னெண்டு" என்றார் மாஸ்டர் மறுபடியும். இந்த முறை கொஞ்சம் சத்தமாக. புருவம் இரண்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

அந்தப் புருவத்தை அவளுக்குத் தெரியாதா? எதிராளி முட்டாள் என்று முடிவான பிறகு வரும் புருவம் அது. சம்சாரம் பண்ணிய இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அந்தப் புருவத்தோடு சண்டை போட்டிருக்கிறாள்! எண்ணிப் பார்க்காமல் ஒரு எண்ணை வாயிலிருந்து விடுகிற ஆளா இவர்?

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேக்கை வெட்டினாள். மேல் அடுக்கு முழுக்க க்ரீம், அதில் ஒரு துண்டும் தேறாது. இரண்டாவது அடுக்கில் ஓரத்துத் துண்டெல்லாம் க்ரீம், நடுவில் நாலு துண்டு சுத்தம். மூன்றாவது அடுக்கிலும் அதே நாலு. ஆக எட்டு. கடைசி அடுக்கு...

"அட மடையா!" என்று கத்தியேவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் இருமலை நிறுத்திவிட்டார். "அடியில யாருடா க்ரீம் பூசுவா? மரக்கட்டைன்னா புரட்டிப் போட்டுப் பெயிண்ட் அடிப்பே. கேக்கைப் புரட்டுவாங்களா? கடைசி அடுக்குலயும் நடுவுல நாலு துண்டு சுத்தமா இருக்கும்டா! நாலு, நாலு, நாலு. பன்னெண்டு!"

தம்பி வாயைப் பிளந்தான். மாமாவுக்குப் பிடிக்கும் என்று ஆசை ஆசையாகக் கட்டையைக் கேக்காக மாற்றியவன், மாற்றும்போதே விடையும் மாறிவிட்டதைக் கவனிக்கவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆயுசு முழுக்க க்ரீம் பூசிய கை இவளுடையது, இவளே எட்டு எட்டு என்று ஜபித்துக்கொண்டுதானே நின்றாள்!

அந்த அம்மாள் கட்டில் பக்கம் குனிந்தார். "சார், கேக்குக்கு அடியில என்ன இருக்கும்?"

மாஸ்டர் யோசித்தார். வார்த்தையை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வருவது முகத்தில் தெரிந்தது.

"அட்டை."

அந்த அம்மாள் நிமிர்ந்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "திங்கக்கிழமை மேல கட்டில் போடச் சொல்றேன். சில பேருக்குப் பேச்சு வர்ற வழி அடைச்சிருக்கும், எண்ணு வர்ற வழி தொறந்திருக்கும். எனக்குத் தோணாத வழி உங்க தம்பிக்குத் தோணியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன திசையைப் பார்த்து அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். திரும்ப உட்கார வேண்டும் என்று அவருக்கு என்ன கட்டாயம்? ஆனாலும் உட்கார்ந்தாரே, மகராசி!

தம்பி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவள் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னாலதாண்டா. எல்லாரும் அவர் தலைக்கு மேல பேசுனாங்க, நீ ஒருத்தன்தான் அவர்கிட்டப் பேசுனே. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"என்னக்கா பெரிய வார்த்தையெல்லாம். கேள்வியே தப்பாத்தான் கேட்டேன்."

"நல்லவேளை தப்பாக் கேட்டே. கட்டைன்னே கேட்டிருந்தா, அவர் இவ்வளவு யோசிச்சுப் பதில் சொல்றாருன்னு நமக்கே தெரிஞ்சிருக்காது."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போது கட்டிலிலிருந்து மறுபடியும் சத்தம் வந்தது.

"இருபத்தாறு."

இரண்டு பேரும் திரும்பினார்கள். "என்ன மாமா? இது என்ன எண்ணு?" என்று அருகே போன தம்பி, பாதியிலேயே நின்றுவிட்டான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா... ஒரு எண்ணு, அதுக்கு முந்தினது சதுர எண்ணு, அடுத்தது கன எண்ணு. அது எதுன்னு கேட்டேன். அஞ்சஞ்சு இருபத்தஞ்சு. மும்மூணு ஒம்பது, ஒம்பது மூணு இருபத்தேழு. நடுவுல இருபத்தாறு."

"எப்போ கேட்டே?"

"ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள். மூக்குல வாயில குழாய். கண்ணுகூடத் திறக்கல அக்கா. அன்னிக்குக் காதுல கேட்டிருக்கு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மாமாவின் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினான். மாஸ்டரின் இடது கை தடவித் தடவி வந்து அவன் தலையில் நின்றது.

அவள் வேறு கணக்குப் போட்டாள். அன்றைக்கே காதில் கேட்டது என்றால், அதற்குப் பிறகு எல்லாமே கேட்டிருக்கும். ஒரு மத்தியானம், அறையில் யாரும் இல்லாதபோது, குழாய்களையும் வீங்கிய கையையும் பார்க்கச் சகிக்காமல் அவர் காதோரம் குனிந்து அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. இவ்வளவு வேதனைப்பட வேண்டாம், போகணும்னா போயிடுங்க, நான் பாத்துக்கறேன் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவர் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். பெற்ற தாயிடம்கூட அதை அவள் சொல்லவில்லை.

கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய்க் குனிந்தாள்.

"ஏங்க, நான் ஒரு நாள் உங்க காதுல ஒண்ணு சொன்னேன்..."

அவர் அவளைப் பார்த்தார். நேராக, அவளைத்தான் பார்த்தார். உதட்டைச் சேர்க்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள்.

"போகல" என்றார்.

புருஷனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? கல்யாணமான நாளிலிருந்து அவளும் சொன்னதில்லை. இப்போது தம்பி இருக்கிறான், பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார் என்ற கூச்சமே இல்லாமல், அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நன்றிங்க" என்றாள்.