டிடிஎஸ் இருபத்தெட்டு

ஹைதராபாத் குஷாய்குடாவின் பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்த சுந்தரேசனைத் தொழிற்சாலை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. தரக்கட்டுப்பாட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வீட்டில் ஒவ்வொரு பொருளிலும் நூலில் கட்டிய சீட்டு தொங்கும். பச்சை என்றால் உபயோகிக்கலாம். மஞ்சள் என்றால் சோதனையில் இருக்கிறது. சிவப்பு என்றால் நிராகரிப்பு. குக்கர் ரப்பர் வளையம் இப்போது மஞ்சளில் இருந்தது. மருமகன் தமிழ்ச்செல்வனுக்கு அவர் சீட்டு எதுவும் கட்டவில்லை. கட்டியிருந்தால் என்ன நிறம் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

அவர் மகள் அஸ்வினியைக் காதலித்துக் கட்டிக்கொண்ட தமிழ்ச்செல்வன், அலுவலகம் இருக்கும் மாதாப்பூரில் வீடு அமையும்வரை என்று சொல்லி ஐந்து மாதமாக அங்கே இருந்தான். கண் பவர் மைனஸ் ஆறு. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது மாமனாரா பீரோவா என்று தெரியாது. சில நாட்களில் அதுவே ஒரு வசதி. ஆனால் அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரம் பைக். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியில் ஆவி படியும். அதனால் கான்டாக்ட் லென்ஸ்.

கடைக்காரப் பெண் பொறுமையாக விளக்கினாள். தினசரி லென்ஸ் என்றால் சாயங்காலம் கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாம். மாத லென்ஸ் என்றால் தினமும் சொல்யூஷனில் தேய்த்துக் கழுவி, டப்பாவில் புது சொல்யூஷன் ஊற்றி ஊறவைக்க வேண்டும். போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. தண்ணீர் மட்டும் எந்தக் காரணத்துக்கும் படக் கூடாது. பிரித்த நாளிலிருந்து முப்பதே நாள். தமிழ்ச்செல்வன் தலையை ஆட்டிவிட்டு மாத லென்ஸை வாங்கினான்.

முப்பத்தொன்றாம் நாள் காலை லென்ஸ் டப்பாவில் சிவப்புச் சீட்டு தொங்கியது.

"மாமா, என் சாமானைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"மூணாம் தேதி பிரிச்சீங்க மாப்பிள்ளை. அட்டை குப்பையில கெடந்தது. நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"சனி, ஞாயிறு நான் போடலை. கணக்குப்படி இன்னும் ஒன்பது நாள் இருக்கு."

"பாலைப் பிரிச்சு வச்சுட்டு, ஞாயித்துக்கிழமை குடிக்கலை, அதனால கெடலைன்னு சொல்வீங்களா?"

தமிழ்ச்செல்வன் சீட்டைப் பிய்த்து எறிந்தான். மாமனார் சொல்வது சரி என்று அவனுக்கே பட்டது. சரியாக இருந்ததால்தான் இன்னும் ஒன்பது நாள் போடுவது என்று முடிவெடுத்தான்.

அடுத்த ஞாயிறு மாலை, மறுநாளுக்குத் தயாராகலாம் என்று டப்பாவை எடுத்தவன் சொல்யூஷன் பாட்டிலைத் தேடினான். அது குப்பைக்கூடையில் காலியாகக் கிடந்தது, சிவப்புச் சீட்டோடு.

"கொட்டிட்டீங்களா?"

"தொறந்து ஒரு மாசம் தாண்டிடுச்சு. ரிஜெக்ட்."

"ரிஜெக்ட் பண்ணினா புதுசு வாங்கி வச்சுட்டுப் பண்ணணும். இப்போ நான் லென்ஸை எதுல போடுறது, உங்க தலையிலயா?"

"அப்பா, அவரு சாமானு நீங்க கைக்கு தொடுறீங்க?" என்று உள்ளேயிருந்து அஸ்வினி கத்தினாள். பிறந்து வளர்ந்தது ஹைதராபாத் என்பதால் அவளுக்குக் கோபம் வந்தால் தமிழோடு ஊர்ப்பேச்சும் சேர்ந்தே வரும்; 'ஏன்' என்பது 'கைக்கு' ஆகிவிடும்.

சுந்தரேசன் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்தார். டேங்கர் தண்ணீரில் வாழும் ஊர். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அளக்கும் அந்தக் குச்சி அங்கே பல வீடுகளில் உண்டு. சமையலறை ஆர்ஓ குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, மீட்டரை முக்கி, மருமகன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இருபத்தெட்டு. போர்வெல் தொள்ளாயிரம். இதைவிட சுத்தம் உங்க பாட்டில்ல கூட இருந்திருக்காது."

தமிழ்ச்செல்வன் எண்ணைப் பார்த்தான். அலுவலகத்தில் அவன் வேலை மென்பொருள் சோதனை. திரையில் எண் பச்சையாக வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவான். கடைக்காரப் பெண் சொன்னதில் எண் எதுவும் இல்லை. இதில் இருந்தது.

"இருபத்தெட்டுன்னா பரவாயில்லை" என்றான். டப்பாவில் ஊற்றிக்கொண்டான்.

ஐந்து மாதத்தில் மாமனாரும் மருமகனும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

புதன்கிழமை வலது கண் மிளகாய்ப்பழம் போல் ஆயிற்று. வெளிச்சம் பட்டால் ஊசி குத்தியது. மாமனாருக்குத் தெரியக் கூடாது என்று வீட்டுக்குள் கூலிங் கிளாஸோடு உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டான். ஸ்பூன் கன்னத்தில் இடித்தது. அஸ்வினி கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஆட்டோ கூப்பிட்டாள். சுந்தரேசன் கேட்காமலே ஏறிக்கொண்டார். மடியில் ஆதாரமாக லென்ஸ் டப்பா.

கண் மருத்துவர் ஸ்டெல்லா கருவிழியைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "புண்ணு ஓரத்துல இருக்கு. இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் நடுவுல வந்தா, ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும். லென்ஸை எதுல ஊற வச்சீங்க?"

"ஆர்ஓ தண்ணி. டிடிஎஸ் இருபத்தெட்டு" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

"அது உப்புக் கணக்குங்க. கிருமிக்கு அந்த மீட்டர்ல நம்பர் கிடையாது. லென்ஸும் நாள் தாண்டினதா?"

"நான் சிவப்புச் சீட்டு கட்டினேன்" என்றார் சுந்தரேசன்.

"சொல்யூஷனைக் கொட்டினதும் நீங்கதான்" என்றான் தமிழ்ச்செல்வன்.

"ரெண்டு பேரும் வெளிய போய் சண்டை போடுங்க. ஒரு மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. ஒரு வேளை தவறினாலும் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை."

சுந்தரேசன் அன்றே கட்டம் போட்டு அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டினார். மணிக்கொரு முறை அலாரத்தோடு வந்து நின்றார்.

"அண்ணாந்து பாருங்க."

"கையைக் கழுவினீங்களா?"

"நீங்க கழுவின லட்சணம்தான் தெரியுதே. கண்ணைத் தொறங்க."

இமையை விரலால் இழுத்துப் பிடித்து, ஒரே ஒரு சொட்டு. கட்டத்தில் கையெழுத்து. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. ஒரு வேளைகூட இருவரும் திட்டிக்கொள்ளாமல் இல்லை.

மூன்றாவது வாரம் புண் ஆறியது. ஓரத்தில் கடுகளவு தழும்பு, பார்வை தப்பியது. மருத்துவர் சொல்லும்வரை லென்ஸ் கிடையாது, கண்ணாடிதான். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த தமிழ்ச்செல்வன், மாமனாரின் மேசையிலிருந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து டிடிஎஸ் மீட்டரில் கட்டினான்.

சுந்தரேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவிழ்க்கவில்லை.

"தேதி இல்லை. காரணம் இல்லை. கையெழுத்து இல்லை. இப்படிக் கட்டினா செல்லாது மாப்பிள்ளை."

"நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் முப்பத்து நாலு வருஷ அனுபவம்."

பேனாவை எடுத்தார். தேதி போட்டார். காரணம் என்ற இடத்தில், 'கருவியில் பிழை இல்லை. உபயோகித்தவர் பிழை' என்று எழுதினார்.

"உபயோகிச்சது யாருன்னு போடலையே?"

சுந்தரேசன் மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். பிறகு கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடாமல் மருமகன் பக்கம் தள்ளினார்.

"பக்கத்துல நீங்களும் போடுங்க."