பதினேழாம் நம்பர் தையல்

மாப்பிள்ளை பார்க்க எல்லோரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். இவள் மாப்பிள்ளையைத் தான் வேலை பார்க்கும் தையல்கூடத்தின் கூரைமேல் ஏற்றிவைத்துப் பார்த்தாள். அவனுக்குத் தெரியாமல் பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூரை ஒழுகுவது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. மழை வந்தால் அவள் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வந்து உட்காரும். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். முதலாளி "பாக்கலாம், பாக்கலாம்" என்பாரே தவிர, அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார். இந்த முறை அவள் சொல்லவில்லை, அடம்பிடித்தாள். சொட்டுகிற தண்ணீர் தைத்த சரக்கின் மேல் பட்டால் மொத்தத்தையும் கழித்துக்கட்ட வேண்டியதுதான் என்று மிரட்டினாள். முதலாளி கொஞ்சம் அசைந்ததும், "எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, வேலை சுத்தமா இருக்குமாம்" என்று ஒரு போன் நம்பரையும் நீட்டினாள். நம்பர், மகளுடைய போனிலிருந்து திருடியது.

மகளுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை. அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட வந்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வந்தவன் பலகையை மாட்டினோமா போனோமா என்று இருந்திருக்கக் கூடாதா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். விசாரித்துப் பார்த்ததில் பையன்மேல் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய எரிச்சல். ஆனால் அவன் வேலை பார்ப்பது கூரைமேல், விளம்பரப் பலகைமேல், மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவர்மேல். காலைத் தரையில் ஊன்றிச் செய்கிற வேலை ஒன்றுகூட இல்லை.

வேறு அம்மாவாக இருந்தால் இதற்கு இத்தனை பயந்திருக்க மாட்டாள். இவளுக்குத் தொழிலே இதுதான். அந்தக் கூடத்தில் தைப்பது சட்டையோ பாவாடையோ இல்லை. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் விழாமல் இருக்க மாட்டிக்கொள்ளும் ஆங்கர் பட்டை. கெட்டியான மஞ்சள் நாடா, இரண்டு முனையையும் மடித்துச் சிவப்பு நூலில் அழுத்தித் தைத்த, வளையம்போல இரண்டு காது. போன இடத்தில் இருக்கிற இரும்பு உத்தரத்தையோ தூணையோ சுற்றி அதைக் கட்டி, இடுப்பு பெல்ட்டிலிருந்து வரும் கயிற்றின் கொக்கியை அதில் மாட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நடுவில் கால் வழுக்கினால் ஆளைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சிவப்புத் தையல்தான். மஞ்சளில் சிவப்பு எதற்கென்றால், ஒரு நூல் அறுந்தாலும் பளிச்சென்று கண்ணில் படட்டும் என்று.

ஒருமுறை ஆளைத் தாங்கிய பட்டையை மறுபடி கட்டக் கூடாது. அப்படிப்பட்டவை சில சமயம் சோதித்துப் பார்ப்பதற்காகக் கூடத்துக்கே திரும்பி வரும். நாடா இழுபட்டு, தையல் பாதி பிய்ந்து மேஜைமேல் கிடக்கும். "அப்பாடா, புடிச்சிடுச்சு" என்று மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். அவளுக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. பட்டை வந்துவிட்டது; ஆள் என்ன ஆனான் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதில்லையே. அந்த மேஜையை நினைத்துக்கொண்டுதான், "செத்தாலும் சம்மதிக்க மாட்டேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தாள்.

"பையனப் பாக்காமயே வேணாம்னா எப்படி? ஒரு தடவ பாத்துட்டுத்தான் சொல்லேன்" என்றார் வீட்டுக்காரர். மகள் பக்கமே சாய்ந்து பழகின மனுஷன். சரி, பார்த்தேன், பிடிக்கவில்லை என்று சொல்வதற்காகவாவது பார்த்துத் தொலைக்கலாம் என்று முடிவு பண்ணித்தான் இந்தக் கூரை ஏற்பாடு.

அன்றைக்கென்று பார்த்துக் காலையில் வீட்டில் ஒரு சண்டை. மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாவும் சாப்பிடாமல் வந்து மிஷினில் உட்கார்ந்தாள். கை பாட்டுக்குத் தைத்தது. கண் வாசலில் இருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலையில் முடி இல்லாத பெரியவர். எல்லோரும் அவரை மொட்டையண்ணன் என்றே கூப்பிட்டார்கள், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொருவன்தான் அவன். பெண்ணை மயக்கியவன் வாட்டசாட்டமாக இருப்பான் என்று எதிர்பார்த்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒல்லி உடம்பு, விடைத்த காது. இவனுக்காகவா என் மகள் சாப்பிடாமல் போனாள் என்று இருந்தது.

அவன் மேலே ஏறவில்லை. முதலில் கூடத்துக்குள் வந்து, பிரிக்கப்போகும் கூரைக்குக் கீழே இருந்த மிஷின்களை எல்லாம் மறுபக்கம் நகர்த்தச் சொன்னான். குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினான்.

"சார், இந்தக் கயித்தத் தாண்டி யாரும் வரக் கூடாது."

"நான் எதுக்குப்பா வரப்போறேன்" என்றார் முதலாளி, கயிற்றைத் தாண்டி நின்றுகொண்டு.

"உங்களையும்தான் சார் சொல்றேன்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. தையல்காரிகள் எல்லோரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை முழுங்கிவிட்டாள். பிடிக்கக் கூடாது என்று வந்த இடத்தில் சிரிக்கலாமா?

அவன் ஏறினான். பழைய தகரத்தைப் பிரித்ததும் மேலே இரும்பு உத்தரங்கள் வெளியே தெரிந்தன, வானமும் தெரிந்தது. ஓர் உத்தரத்தைச் சுற்றிப் பட்டையைக் கட்டிக் கொக்கியை மாட்டினான். டக் என்று ஒரு சத்தம். அடுத்த உத்தரத்துக்கு நகர வேண்டுமென்றால், அங்கே இன்னொரு பட்டையைக் கட்டி, அதில் இன்னொரு கொக்கியை டக் என்று மாட்டிய பிறகுதான் பழையதைக் கழற்றினான். அந்த டக் கேட்கிறவரைக்கும் அவள் மிஷினை மிதிக்கவில்லை. கேட்டதும் தைப்பாள். அவன் நகர்ந்தால் நிறுத்துவாள். இப்படி நின்று நின்று தைத்து அவள் வாழ்க்கையில் பழக்கமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தான். கையில் ஒரு பட்டை. பிரித்த தகரத்தின் விளிம்பு உரசி நாடாவின் ஓரத்தில் வெட்டு விழுந்திருந்தது. பையிலிருந்து கத்தியை எடுத்து அதைக் குறுக்கே அறுத்துக் குப்பையில் போட்டான். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துக் கட்டிக்கொள்வார்கள்.

"டேய், நம்மகிட்ட இருக்கிறது பத்தாதே. என்னுதுல ஒண்ணு தரட்டுமா?" என்றார் மொட்டையண்ணன்.

"அப்ப நீங்க நகரும்போது எதுல மாட்டுவீங்க?"

"அதுவும் சரிதான். நல்லவேளை, பட்டை தைக்கிற எடத்துலயே நிக்கிறோம்."

முதலாளி அவளைப் பார்த்து, "ஒண்ணு எடுத்துக் குடும்மா" என்றார்.

அவள் அலமாரிப் பக்கம் போகவில்லை. தன் மேஜைமேல் அப்போதுதான் தைத்து முடித்ததை எடுத்தாள். மாப்பிள்ளை ஆகிறானோ இல்லையோ, இந்தக் கூரைமேல் நிற்கிறவன் என் தையலில் நிற்கட்டும் என்று ஒரு வீம்பு. தைத்ததை எல்லாம் சோதிக்கிற பெண் ஒருத்தி அங்கே உண்டு. அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அக்கா, அத நான் இன்னும் பாக்கலக்கா" என்றாள் பூதக்கண்ணாடி.

"என் தையல்ல இதுவரைக்கும் என்னத்தடி கண்டுபுடிச்சிருக்க?"

அது உண்மைதான். அவள் தைத்ததில் ஒன்றுகூடக் கழிந்ததில்லை. பூதக்கண்ணாடி தன் மேஜைக்குத் திரும்பினாள்.

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். முதலில் லேபிளைப் பார்த்தான். தைத்தவர் நம்பர், பதினேழு. நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நாடாவை மடக்கி மடக்கி, விரலால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனான். இரண்டாவது காதில் விரல் நின்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது வேணாம்மா."

கூடத்தில் ஒரு மிஷின் பாக்கியில்லாமல் நின்றுபோனது.

"என்ன சொன்ன?"

"இந்த வரிசையில ரெண்டு தையல் தாவியிருக்கு. பாருங்க."

பிடுங்கிப் பார்த்தாள். தாவியிருந்தது. அவன் மேலே நகர்ந்தபோது நிறுத்தி, மறுபடி மிதித்த இடமாகத்தான் இருக்க வேண்டும். அவள் காதெல்லாம் சூடேறிவிட்டது.

"தம்பி, இதுல ஒரு காரையே கட்டித் தூக்கலாம். இழுத்துப் பாக்குற மிஷின்ல என் கண்ணால பாத்திருக்கேன். ரெண்டு தையல் போனா ஒண்ணும் அறுந்துடாது."

"தாங்கும்மா. எனக்கும் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"தாங்குமா தாங்காதான்னு யோசிச்சுக்கிட்டே மேல நிக்க முடியாதும்மா. நான் வேலையப் பாக்கணும்ல."

அவன் சொன்னது நியாயம், அதுதான் கோபத்தைக் கிளப்பியது. கத்தரிக்கோலை எடுத்துத் தான் தைத்த காதைத் தானே நறுக்கினாள். பூதக்கண்ணாடி அதைத் திருவிழா பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலமாரியில வேற இருக்கு, எடுத்துக்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நீங்களே ஒண்ணு தச்சுக் குடுங்களேன். நான் காத்திருக்கேன்."

இதென்ன புது வம்பு என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்து நாடாவை மடித்தாள். அவன் நகர்த்திவைத்த மிஷினுக்குப் பக்கத்தில், வழக்கமாக வாளி உட்காருகிற பக்கமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மற்ற மிஷின்கள் மெல்ல ஓடத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் இவர்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

"லேபிளப் பாத்தியே, அந்த நம்பர் என்னன்னு தெரியுமா?"

"உங்க நம்பர்தானே?"

அவள் கால் நின்றது. "நான் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"வாசல்ல நுழைஞ்சதுமே தெரிஞ்சுபோச்சு. அவளும் கோவம் வந்தா மூக்க இப்படித்தான் சுருக்குவா."

அவள் அவசரமாக மூக்கைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரிஞ்சேதான் இத்தன பேர் முன்னாடி என் பட்டைய வேணாம்னு சொன்னியா? நான் பொண்ணு தர மாட்டேன்னுட்டா என்ன பண்ணுவ?"

அவன் விடைத்த காதைச் சொறிந்துகொண்டான். "பயமாத்தான் இருந்துச்சும்மா. ஆனா மேல ஏறணுமே."

பிறகு பையைத் திறந்து, தன்னிடம் மீதி இருந்த ஒரு பட்டையையும் மொட்டையண்ணனுடைய இரண்டையும் எடுத்து லேபிளைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். பதினேழு. பதினேழு. எல்லாவற்றிலும் பதினேழு.

"அவ உங்க நம்பரச் சொன்னதுலேர்ந்து கடையில கட்டு கட்டா கொட்டித் தேடித்தான் வாங்கறேன். கடைக்காரரு திட்டுவாரு. இத்தன நாளா உங்க தையல்லதாம்மா தொங்கிக்கிட்டு இருக்கேன். அதனாலதான் இது கையில பட்டதுமே தெரிஞ்சுது. உங்க கை இப்படித் தாவாது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. விழுந்தால் இவனை யார் பிடிப்பார்கள் என்று தூக்கம் கெட்டுக் கிடந்தாளே, பிடித்துக்கொண்டிருந்தது அவள் கைதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூல் தூசி என்று சொல்லிவைத்தாள்.

"விழுந்திருக்கியா?"

"ஒரு தடவ."

"என்ன ஆச்சு?" இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்த கேள்வி அது.

"தொங்கினேன். மொட்டையண்ணன் இழுத்து மேல போட்டாரு. அப்புறம் எறங்கி டீ குடிச்சேன். பாதி டீ சட்டைமேல கொட்டிடுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு நேரத்தோட போயிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. பட்டைய மட்டும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டோம்."

"அனுப்பினவன், ஆள் நல்லா இருக்கான்னு ஒரு வார்த்த சேத்து அனுப்பக் கூடாதா? இங்க ஒருத்தி சோறு திங்காம கெடந்திருப்பா!"

அவள் போட்ட சத்தத்தில் பூதக்கண்ணாடியே திரும்பிப் பார்த்தாள். அவன் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் முழித்தான்.

அவள் மிஷினை மிதித்தாள். இந்த முறை எங்கும் நிறுத்தவில்லை. முடித்ததும் நேரே பூதக்கண்ணாடியிடம் கொண்டுபோய் நீட்டினாள். பூதக்கண்ணாடி கிடைத்த சந்தர்ப்பத்தை விடாமல், வேண்டுமென்றே நிதானமாகப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு அவன் பார்த்தான், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வருங்கால மாமியார் தைத்தது என்கிற சலுகை எதுவும் காட்டாமல். பார்த்துவிட்டுச் சிரித்தான். பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினான்.

மத்தியானம் மகளிடமிருந்து போன். குரலில் பதற்றம். "அம்மா, அவர அங்க வரவெச்சு என்னம்மா பண்ற?"

"கூரை போட்டுக்கிட்டு இருக்காரு."

"திட்டினியா?"

"அவருதாண்டி என் தையல்ல தப்புக் கண்டுபுடிச்சாரு."

"ஐயையோ!"

"ஐயோவும் இல்ல ஆத்தாவும் இல்ல. அப்பாகிட்ட சொல்லு, ஞாயித்துக்கிழம அவங்க வீட்டுக்குப் போகணும். நீ மொதல்ல சாப்பிடு."

மறுமுனையிலிருந்து அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அம்மா போனை வைத்துவிட்டு, தானும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

சாயங்காலம் கடைசிப் பட்டையைத் தைத்து, நூலை நறுக்கி, பூதக்கண்ணாடியின் மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மத்தியானத்திலிருந்து அந்த டக் சத்தத்துக்காக அவள் காத்திருக்கவே இல்லை. திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தாள். பாதிக் கூரையில் புதுத் தகரம் வந்திருந்தது. கோடி உத்தரத்தில் அவன் கொக்கியை மாட்டிக்கொண்டு, வாயில் திருகாணிகளைக் கவ்வியபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன் வாளியை எடுத்துக் கவிழ்த்து மூலையில் வைத்துவிட்டு, மிஷினுக்கு உறை போட்டாள்.