புகை புகாத அறை

எங்கள் ஊரில் நெல் அறுத்ததும் வைக்கோலுக்குத் தீ வைப்பார்கள். என் தம்பி ஷஹாத்தா மட்டும் வைக்க மாட்டான். அவன் மகள் பஸீமாவுக்கு இளைப்பு நோய். புகை வந்தால் பிள்ளைக்கு உயிர் போய் உயிர் வரும்.

வைக்கோலை நறுக்கி, அவித்து, பைகளில் அடைத்து, சிப்பிக்காளான் விதை போட்டுப் பின்னறையில் தொங்கவிடுவான். காளானில் ஊறும் நொதி வைக்கோலின் முரட்டுத்தனத்தைக் கரைத்துவிடுமாம். உண்மைதான். காளான் பறித்து மிஞ்சிய சக்கையை எங்கள் எருமை கரும்புத் தோகை போல மென்றது.

"தீப்பெட்டி வாங்கக் காசில்லையா ஷஹாத்தா?" என்பார் பக்கத்து நிலத்து ஹாஜி ரஷ்வான்.

"என் எருமை திங்கறத நீங்க கொளுத்துறீங்க ஹாஜி."

ஊரே கொளுத்தும்போது ஒருவன் கொளுத்தாமல் இருந்து என்ன பயன்? அந்த வருஷம் கதவிடுக்கெல்லாம் புகை நுழைந்தது. வீட்டில் புகை புகாத இடம் காளான் அறை ஒன்றுதான். ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டியிருந்தான். பஸீமாவுக்கு அங்கேயே பாய் விரித்தான்.

புகையில் சாலை தெரியாமல் மன்சூரா டவுனிலிருந்து காளான் வாங்க வரும் வண்டி வரவில்லை. பறிக்காத காளான் முற்றி, குடை விரிந்து, வெள்ளையாய்ப் பொடி உதிர்த்தது.

"அப்பா, மாவு மழை!" என்று சிரித்தாள் பிள்ளை. அவனும் சிரித்தான்.

அவளுக்கு இருமல் ஏறியது. புகைதான் எப்படியோ உள்ளே வருகிறதென்று சாக்கை இன்னும் இறுக்கிக் கட்டினான், மடையன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார். "என்ன மாவு இது?"

"காளான் பொடிங்க."

"இதுக்குள்ளயா படுக்க வச்சீங்க? இந்தப் பிள்ளைக்குப் புகையை விட இது மோசம்யா. நெஞ்சுல போய் அடைச்சிருக்கு."

அன்று மாலையே பஸீமா போய்விட்டாள்.

துக்கம் நடந்தால் எங்கள் ஊரில் அக்கம்பக்கத்தார் ரேடியோகூட வைக்க மாட்டார்கள். ஹாஜி ரஷ்வான் வீடு வீடாகப் போய், மூன்று நாளைக்கு யாரும் வைக்கோல் கொளுத்தக் கூடாதென்று சொல்லிவிட்டார். வானம் கழுவிவிட்டதுபோலத் தெளிந்தது. இந்த மூன்று நாளை அவள் இருக்கும்போதே கொடுத்திருக்கக் கூடாதா, பாவிகளா?

மறுநாள் ஷஹாத்தா காளான் பைகளையெல்லாம் களத்துக்கு இழுத்துவந்து தீ வைத்தான். அந்த வானத்தில் எங்கள் புகை ஒன்றுதான் எழுந்தது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

"வேணாம்டா தம்பி, புகை வீட்டுக்குள்ள வரும்."

"வரட்டும்க்கா," என்றான். "மூச்சு முட்ட உள்ள யாரு இருக்கா?"